டீச்சரிடம் கேளுங்கள்: கல்லில் எழுதிய பெயர்கள்

நவம்பர் மாதம் என்பதால்தானோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போரில் இறந்தவர்களின் நினைவுக்கற்கள் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போயிருந்தேன். அவள் இருப்பது நூறு வீடுகூட இல்லாத சின்னக் கிராமம். தேவாலய வாசலில் ஒரு கற்சிலுவை. 1914–1919 என்று போட்டு 14 பெயர்கள், அதற்குக் கீழே 1939–1945 என்று 3 பெயர்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வருகிறது. போர் முடிந்தது 1918இல் அல்லவா? இவ்வளவு சின்ன ஊரில் எப்படி 14 பேர்? அவர்களை அங்கேதான் புதைத்திருக்கிறார்களா?
*மா. ப., வெள்ளவத்தை*

பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரியும் நேரத்திலும் நின்று, முன்பின் தெரியாத 14 பேரின் பெயர்களை எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன் அம்மா.

முதலில் அந்த 1919. 1918 நவம்பர் 11ஆம் திகதி காலை 11 மணிக்கு நின்றது சண்டை மட்டும்தான். ஜெர்மனியோடு வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28ஆம் திகதி. அந்த இடைவெளியிலும் பொடியன்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். பழைய காயம் ஆறாமல் போனவர்கள், அந்தக் காலத்துப் பெரிய இன்புளுவென்சாவில் போனவர்கள், ரஷ்யப் பக்கம் அனுப்பப்பட்டுத் திரும்பாதவர்கள் என்று பலர். சில ஊர்கள் 1918 என்று எழுதின, சில ஊர்கள் 1919 என்று எழுதின. மேலிடத்திலிருந்து யாரும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. ஏனென்றால் இந்தக் கிராமத்துக் கற்களை அரசாங்கம் வைக்கவில்லை. ஊர்ச்சனம் காசு சேர்த்து வைத்தது. ஒரு குழு போட்டு, வீடு வீடாகப் போய், ‘உங்கள் வீட்டில் யார் போனது, யார் வரவில்லை’ என்று கேட்டுப் பெயர் எழுதினார்கள்.

இப்படிக் கேட்டு எழுதியதால் பிழைகளும் விடுபடுதல்களும் உண்டு. பிறந்த ஊரிலும் வேலை செய்த ஊரிலும் ஒருவருடைய பெயரே இரண்டு கற்களில் இருக்கும். சில தாய்மார் மகன் பெயரைக் கொடுக்கவே மறுத்தார்கள். காணாமற்போனான் என்றுதான் தந்தி சொன்னது, செத்தான் என்று சொல்லவில்லையே! பயத்தில் போர்முனையை விட்டு ஓடினார்கள் என்று சொந்தப் படையே சுட்டுக் கொன்றவர்களின் பெயர்கள் பல ஊர்களில் கல்லில் ஏறவில்லை. அப்படிப்பட்ட 306 பேருக்கு 2006இல்தான் பிரித்தானியா மன்னிப்பு வழங்கியது. அதற்குப் பிறகு சில கற்களில் புதிதாகப் பெயர் வெட்டினார்கள். தொண்ணூறு வருடம் பிந்தி.

உடல்கள் அங்கே இல்லை. காயத்தோடு ஊருக்கு வந்து இறந்த ஓரிருவர் தேவாலய வளவில் இருக்கலாம், மற்றவர்கள் இல்லை. இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதை 1915இலேயே தடுத்துவிட்டார்கள். பணம் உள்ளவன் பிள்ளையைக் கொண்டுவருவான், ஏழையின் பிள்ளை பிரான்சின் சேற்றில் கிடப்பான் என்ற நிலை வரக் கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம். 1917இல் தொடங்கிய போர்க் கல்லறை ஆணைக்குழுவும் அதில் உறுதியாக நின்றது. அதிகாரியோ சாதாரணச் சிப்பாயோ, எல்லாருக்கும் ஒரே அளவுக் கல். உங்கள் சிலுவையிலும் பதவி இல்லாமல், அகர வரிசையில்தான் பெயர்கள் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பல ஊர்களில் அப்படித்தான்.

ஆக, அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் செத்தவீடே நடக்கவில்லை. முகம் பார்க்கவில்லை, மண் அள்ளிப் போடவில்லை. பிரான்சுக்குப் போய்க் கல்லறையைப் பார்த்துவர எல்லாராலும் முடியவும் இல்லை. அந்தச் சிலுவைதான் அவர்களுக்குக் கல்லறை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற வழியில் தாய் அதைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்பதற்காகத்தான் அதை வாசலில் வைத்தார்கள்.

ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வந்தது உங்களை உலுக்கியிருக்கிறது. அண்ணன் தம்பியாகவோ ஒன்றுவிட்ட சகோதரராகவோ இருக்கலாம். போரின் தொடக்கத்தில் கட்டாய ஆட்சேர்ப்பு இல்லை, அது 1916இல்தான் வந்தது. அதுவரை, ‘நண்பர்களோடு சேருங்கள், ஒன்றாகவே சண்டை செய்யலாம்’ என்று சொல்லித்தான் பல இடங்களில் ஆள் எடுத்தார்கள். ஒரே தெருவும் ஒரே தொழிற்சாலையும் ஒரே பட்டாளமாகப் போயின. ஒன்றாகப் போனவர்கள் ஒன்றாகவே விழுந்தார்கள். அக்ரிங்டன் என்ற சிறு நகரத்தின் பட்டாளத்தில் 1916 ஜூலை 1ஆம் திகதி ஏறத்தாழ 700 பேர் தாக்குதலுக்குப் போனார்கள். அன்றைக்கே அவர்களில் 235 பேர் இறந்தார்கள், 350 பேர் காயப்பட்டார்கள். அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படை முழுவதிலும் இறந்தவர்கள் 19,240 பேர். அக்ரிங்டனில் அந்த வாரம் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் அழுகைதான் கேட்டிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போனவர்கள் எல்லாரும் உயிரோடு திரும்பிய கிராமங்களும் அங்கே உண்டு. ஆர்தர் மீ என்ற எழுத்தாளர் 1930களில் அவற்றுக்கு ‘நன்றியுள்ள கிராமங்கள்’ என்று பெயர் வைத்தார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் உள்ள நாட்டில் அவை ஐம்பதைச் சுற்றித்தான்.

அடுத்த முறை நவம்பரில் போனால், 11ஆம் திகதியை ஒட்டிய ஞாயிறு காலையில் அந்த இடத்துக்குப் போய் நில்லுங்கள். பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசிப்பார்கள். ஒரே குடும்பப் பெயர் கொண்ட அந்த மூன்று பேரும் அடுத்தடுத்து வருவார்கள்.

பப்ளிக் லைப்ரரிக்குப் போகும்போது விகாரமகாதேவிப் பூங்காவில் ஒரு பெரிய தூண் தெரிகிறது. வெள்ளைக்காரர்களுக்காக வெள்ளைக்காரர்கள் கட்டியது என்று நண்பன் சொல்கிறான். சரியா டீச்சர்?
*ஹ. ர., தெமட்டகொடை*

பாதி சரி தம்பி. வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், லண்டன் வைட்ஹோலில் இருக்கும் நினைவுச் சின்னத்தையும் டெல்லியின் இந்தியா கேட்டையும் வரைந்தவர். நீங்கள் பார்க்கும் தூண் முதலில் அங்கே இருக்கவில்லை. 1923இல் அதைத் திறந்து வைத்தது காலிமுகத்திடலில். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, கடலோரம் இவ்வளவு உயரமாக நின்றால் ஜப்பான்காரன் கொழும்பைக் குறி பார்க்க அதுவே அடையாளமாகிவிடும் என்று பயந்து கழற்றினார்கள். பிறகு பூங்காவில் எழுப்பினார்கள். அப்போது அதற்கு விக்டோரியா பார்க் என்று பெயர். பயந்ததிலும் நியாயம் இருந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன.

ஆனால் நினைக்கப்படுகிறவர்கள் வெள்ளைக்காரர் மட்டும் இல்லை. இலங்கையர் இரண்டு போர்களுக்கும் போனார்கள், இறந்தார்கள். அந்த முதல் போர் எங்களுக்குத் தூரத்துப் போர் என்றும் நினைக்காதீர்கள். ‘அவன் பெரிய எம்டன்’ என்று உங்கள் வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். எம்டன் ஒரு ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டெம்பர் 22ஆம் திகதி இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டு மறைந்த கப்பல். போர் முடிந்து நூறு வருடம் தாண்டியும் அந்தச் சொல் எங்கள் வாயில் இருக்கிறது.

லைப்ரரியில் புத்தகத்தை வைத்துவிட்டு ஒரு பத்து நிமிடம் போய் நில்லுங்கள். கிட்டப் போய்ப் பாருங்கள்.

நவம்பர் 11ஆம் திகதி சிவப்புப் பொப்பி பூவுக்குப் பதிலாகப் பூவரசம்பூ விற்றார்கள் என்று தாத்தா சொல்வார். உண்மையா?
*வி. ஜெ., கொட்டாஞ்சேனை*

உண்மை. உங்கள் தாத்தாவின் ஞாபகத்துக்கு ஒரு வணக்கம். போரில் இறந்தவர்களின் நினைவாகப் பொப்பி விற்ற காசில் பெரும்பகுதி பிரித்தானியாவுக்குப் போய்விடுகிறது, எங்கள் முன்னாள் சிப்பாய்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான் என்ற கோபத்தில் 1931இல் ஏலியன் பெரேரா ‘சூரிய மல்’ இயக்கத்தைத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய என்றால் எங்கள் பூவரசு. 1933இலிருந்து இடதுசாரி இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். தலைவியாக நின்றவர் டோரீன் விக்கிரமசிங்க, இங்கிலாந்தில் பிறந்து இங்கே எங்களோடு நின்ற பெண். 1934–35 மலேரியாவில் சனம் கொத்துக் கொத்தாகச் செத்தபோது கிராமங்களுக்கு மருந்தும் சாப்பாடும் கொண்டு ஓடியவர்களில் இந்த இயக்கத்தாரும் உண்டு.

இறந்தவர்களை மறக்கச் சொல்லி அவர்கள் பூ விற்கவில்லை. இங்கிருந்து போனவனையும் அவன் குடும்பத்தையும் நினையுங்கள் என்றுதான் கேட்டார்கள். என் மனம் அவர்கள் பக்கம்தான்.

எங்கள் பூட்டனின் ஊர் வேலூர்ப் பக்கம். போன வருடம் போனபோது கடைத்தெரு மணிக்கூண்டில் ஒரு கல் பார்த்தோம். போருக்குப் போனவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் ஒன்றுகூட இல்லை. ஏன்?
*சு. க., வத்தளை*

அந்தக் கல்லைப் பற்றி எனக்கும் தெரியும். 1914–18 பெரும்போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கிறது. இந்தியாவில் பல ஊர்களில் இதே வாசகத்தோடு கற்கள் உண்டு. ஊர்ப் பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும்.

முதல் கேள்விக்கு எழுதிய பதிலை இதோடு சேர்த்து வாசியுங்கள். வெள்ளவத்தை அம்மா பார்த்த கல்லிலும் 14, இந்தக் கல்லிலும் 14. அங்கே 14 பெயர், இங்கே 14 என்ற எண். எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் என்று சொன்ன ஆணைக்குழு அந்தச் சொல்லை எல்லா இடத்திலும் காப்பாற்றவில்லை. பிரான்சில் நெவ் ஷப்பெல் என்ற இடத்தில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைச் சுவரில் வெட்டினார்கள், அது உண்மை. ஆனால் ஆபிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் இறந்த பலருக்கு அது கிடைக்கவில்லை. 2021இல் ஆணைக்குழுவே அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது: 45,000 முதல் 54,000 வரையான இந்திய, ஆபிரிக்க வீரர்கள் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 116,000 பேருக்கு, ஒருவேளை 350,000 பேர் வரைக்கும், பெயரே பொறிக்கப்படவில்லை.

வெள்ளைக்காரனுக்குத் தெரியாமல் போனாலும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. நடுகல் நடும் வழக்கம் நம்முடையது. கல்லைத் தேடிக் காண்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது என்று தொல்காப்பியமே வரிசை சொல்கிறது. ஆநிரை மீட்டு விழுந்த ஒருவனுக்கும் அவன் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் எழுதிய ஊர்கள் நம்முடைய ஊர்கள். வேலூருக்குப் பக்கத்துச் செங்கத்திலேயே எத்தனை நடுகற்கள்! அந்த மண்ணில் போய் 14 என்று மட்டும் எழுதினார்கள்.

உங்கள் பூட்டன் அந்த 277 பேரில் ஒருவராக இருந்தால், அவருடைய முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

இதைப் பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது போரில் இறந்தார்களா?
*நி. த., பம்பலப்பிட்டி*

ஆம். என் பெரியப்பா.

அவர் சிப்பாய் இல்லை. மலாயா ரயில்வேயில் கிளார்க். அந்தக் காலத்தில் அளவெட்டியில் எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டுப் பிள்ளைகள் மலாயாவில் இருந்தார்கள். மாதா மாதம் மணியோடர் வரும். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் விழுந்தது, பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கடிதம் நின்றது. சண்டை முடிந்து 1946இல் ஊருக்குத் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார்: ‘43இல் சயாம் பக்கம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். போனதைக் கண்டேன், வந்ததைக் காணவில்லை.’ அவ்வளவுதான் எங்களுக்குக் கிடைத்த செய்தி.

அப்பம்மா அதை ஏற்கவில்லை. செத்ததைக் கண்டவன் ஒருவனைக் கொண்டுவா, பிறகு அந்தியேட்டி செய்யலாம் என்றுவிட்டார். திகதி தெரியாததால் திவசமும் இல்லை. தபால்காரன் படலையில் மணி அடித்தால், சமையற்கட்டில் எந்த வேலையில் இருந்தாலும் எழும்பி வந்து பார்ப்பார். எனக்கு நல்ல ஞாபகம். 1963இல் அவர் காலமானார். அவருடைய அந்தியேட்டிக்குக் கீரிமலைக்குப் போனபோதுதான், தாயின் காரியம் முடிந்த கையோடு, அப்பா தன் அண்ணனுடைய காரியத்தையும் செய்தார். அண்ணன் போய் இருபது வருடம் கழித்து. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் தகப்பன் பெயரோடு அண்ணன் பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைப்பார். அந்தப் பெயரை அப்பா உரத்துச் சொல்லி நான் கேட்டது அங்கே மட்டும்தான்.

ஜப்பான் படை சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போட்ட அந்தப் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடிந்தது. வேலை செய்த போர்க்கைதிகள் அறுபதாயிரம் பேரளவில், அவர்களில் 12,000க்கும் மேல் இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் தமிழ்ச்சனம், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர் 180,000க்கும் மேல். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், தொண்ணூறாயிரம் பேரளவில், இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். கொலரா, மலேரியா, பட்டினி, அடி.

ஓய்வு பெற்ற பிறகு தாய்லாந்தில் காஞ்சனபுரிக்குப் போனேன். போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏழாயிரம் பேரளவில் இருக்கிறார்கள். புல்லை ஒட்ட வெட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு பலகைக் கல், பெயர், வயது, சிலதில் தாய் தகப்பன் எழுதிய ஒரு வரி. பெரியப்பா அங்கே இருக்க முடியாது என்று தெரியும். அது போர்க்கைதிகளுக்கான இடம். தெரிந்துகொண்டும் ஒரு வரிசை விடாமல் நடந்தேன். இருபத்திரண்டு வயது, இருபத்து நாலு வயது. அவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை. இவர்களுக்கு இருப்பது எங்கள் ஆக்களுக்கு ஏன் இல்லை என்ற நினைப்பு மட்டும் வந்தது. பெரியப்பாவின் பெயரைச் சொல்லிக் குவாய் ஆற்றில் எள்ளுத்தண்ணீர் இறைத்துவிட்டு வந்தேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை.

அண்மைக் காலத்தில் அங்கே ஒரு விகாரை வளவில் இறந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். ‘நடுகல்’ என்றே பெயர். கால் இடம் கொடுத்தால் இன்னொரு முறை போக வேண்டும்.

என் மகனுக்குக் கல்லும் இல்லை, கல்லறையும் இல்லை. நான் எங்கே போய் விளக்கு வைப்பது?
*பெயர் வேண்டாம், கொழும்பு 6*

அம்மா, உங்கள் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். எந்தப் பக்கம், எந்த ஆண்டு என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கும் அது தேவையில்லை. இந்த நாட்டில் சில தாய்மாருக்குப் பளிங்குச் சுவரில் பெயர் இருக்கிறது, சில தாய்மாருக்கு இருந்த கல்லும் உடைக்கப்பட்டது. மே மாதத்தில் இறந்தவர்களின் நினைவாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பதற்கும் பயந்த வருடங்கள் இருந்தன. இது அநியாயம். அழுவதற்கு ஓர் இடம் கேட்பது எந்தத் தாய்க்கும் உரிமை.

வீட்டில் அவன் படத்துக்கு முன்னால் விளக்கு வையுங்கள். அதோடு ஒரு கொப்பி எடுத்து அவன் முழுப் பெயர், பிறந்த நாள், படித்த பள்ளிக்கூடம், கடைசியாக எங்கே எப்போது கண்டீர்கள், என்ன உடுத்திருந்தான் என்று எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். பிரதி எடுத்து இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள், ஒருவராவது இளையவராக இருக்கட்டும். எழுதக் கை நடுங்கினால் என்னைக் கூப்பிடுங்கள். கொழும்பு 6 தூரம் இல்லை. பத்திரிகைக்காரரிடம் என் தொலைபேசி எண் இருக்கிறது. நான் வந்து எழுதித் தருகிறேன்.

தாத்தாவின் தம்பி இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் இருந்து இறந்ததாகச் சொல்கிறார்கள். எங்கே தேடுவது?
*அ. யோ., மட்டக்குளி*

பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் காசு கட்டாமல் பெயர் போட்டுத் தேடலாம். இரண்டாம் போருக்கு அவர்கள் எடுக்கும் காலம் 1939 செப்டெம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. அதற்குப் பிறகு இறந்திருந்தால் அங்கே தேடிக் களைக்க வேண்டாம்.

எங்கள் பெயர்களில்தான் சிக்கல். எழுதியவன் வெள்ளைக்காரக் கிளார்க்காக இருந்தால், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர் என்று நினைத்து எழுதியிருப்பான், அல்லது தலைப்பெழுத்தை விழுங்கியிருப்பான். கந்தையா என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். எல்லா எழுத்துக்கூட்டலும் போட்டுப் பாருங்கள், பெயரைத் தகப்பன் இடத்திலும் தகப்பனைப் பெயர் இடத்திலும் மாற்றிப் போட்டும் பாருங்கள். பதிவு கிடைத்தால், சிலருக்கு ‘இன்னாரின் மகன், இன்ன ஊர்’ என்றும் இருக்கும். ஊர் பொருந்தினால் ஆள் அவர்தான் என்று ஓரளவுக்கு நம்பலாம். கண்டி போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். அங்கே இருக்கும் 203 பேரில் 26 பேர் இலங்கையர்.

கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். அவர் பெயரை இந்தப் பக்கத்தில் முழுதாகப் போடுகிறேன்.